சாட்சி நாற்காலி

"இனிமே ஒரு சீவனும் என்ற பேர்ல வேண்டாங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே, டாக்டர்."

"கேக்கலீங்க. சும்மா சொல்லி வெச்சேன். வேற எது வேணாலும் கேளுங்க, செய்யறேன். இது மட்டும் வேண்டாம்."

"கேட்டு வாங்கற பழக்கம் எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க."

"துரைக்குமா?"

"அவனுக்கு மொதல்ல இல்லை. பிஸ்கட்டைக்கூட நாமளா நீட்டினாத்தான் வாங்குவான்."

வடவள்ளியில் டாக்டர் யுகேந்திரனின் கால்நடை மருத்துவமனையில் நான்கு வருடம் முன்பு நடந்த பேச்சு இது. மேசையில் துரை படுத்திருந்தான். ஆயுள் ஊசி மெதுவாக ஏறிக்கொண்டிருக்க, கோகிலவாணி அவனுடைய மடங்கிய காதை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் டாக்டர் வீட்டுப் பூனை பஞ்சு இறந்திருந்தது. அது அவருடைய மனைவி மேகலா வளர்த்த பூனை. மேகலா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் பஞ்சு ஒன்பது வருடம் இருந்தது. அந்த ஒன்பது வருடமும் வாசல் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மறந்ததும் இல்லை.

கோகிலவாணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் சரியில்லை என்று சொல்லிவிடுவாள். அதைப் பற்றி யாராவது பாராட்டினால் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வாள். துரையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

கம்பெனி வாசலில் குட்டியாகக் கிடந்தவன் துரை. சுத்தமான நாட்டு நாய், செம்மண் நிறம். இருபத்தாறு வயதாகியும் நடை தளரவில்லை. ஒரு செருப்பைக் கடித்ததில்லை, ஒரு தட்டை முகர்ந்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வாசல் வரை போய் அழைத்து வருவான், போகும்போது வாசல் வரை போய் வழியனுப்புவான். அதன் பிறகு வந்தவை பூனைகள். வெள்ளைப் பூனை சம்பங்கிக்கு ஒரு காது கேட்காது. அந்தக் குறையைப் பக்கத்து வீட்டுப் பூனை எதற்கும் இன்றுவரை தெரியாமல் பார்த்துக்கொண்டவள் அவள். கறுப்புப் புள்ளிகள் கொண்ட மிளகு, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன். திறப்பானே ஒழிய எதையும் எடுக்க மாட்டான். "அவனுக்குத் திறக்கத் தெரியும்கறதைக் காட்டணும், அவ்வளவுதான்" என்பாள் கோகிலவாணி, பிள்ளை முதல் மார்க் வாங்கிய அம்மாவைப் போல.

மூன்று பேருமே ஆயுள் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். வருடத்துக்கு ஒரு முறை போட்டால் நாயும் பூனையும் நாற்பது வயதுவரை திடமாக இருக்கும். ஒரு வருடம் தவறினால், தள்ளிப்போட்ட முதுமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து சில மாதங்களில் முடித்துவிடும்.

ஊசி வந்த புதிதில் ஊரே கொண்டாடியது. பிறகுதான் வீட்டுக்காரர்கள் இறந்துபோகத் தொடங்கினார்கள். நாய்கள் இறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் இரக்கப்பட்டு வருடந்தோறும் ஊசி போட்டுவிட, பூட்டிய வீட்டு வாசல்களில் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்தன. சோறு வைத்தாலும் அந்த இடத்தைவிட்டு வரவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அரசாங்கம் ஒரு விதி போட்டது: ஊசி போட வேண்டுமானால் இரண்டு காப்பாளர்கள் வேண்டும். ஒருவர் போனால் இன்னொருவர் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளை அந்தச் சீவனே ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும்.

கோகிலவாணியின் அண்ணன் ஞானசேகரன்தான் மூன்றுக்கும் இரண்டாம் காப்பாளராக இருந்தார். போன ஐப்பசியில் அவர் தவறிப்போனார். தைப் பொங்கல் கழிந்ததும் ஊசி போட்டாக வேண்டும். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் ஊசி இல்லை.

அப்படித்தான் அவள் வீட்டில் ஜமுக்காளம் விரிக்கத் தொடங்கினார்கள்.

கோயமுத்தூர்ப் பக்கம் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. பெண் பார்க்க வருவதைப் போலத்தான் வருவார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி எல்லாம் உண்டு. கூடத்தின் நடுவில் பவானி ஜமுக்காளத்தை விரித்து, வந்தவர்களை அதில் உட்கார வைப்பார்கள். சாட்சியாக ஒரு கால்நடை மருத்துவர் சுவர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் எதையும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நாயோ பூனையோ ஜமுக்காளத்தில் இருப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வார்கள், ஒருவரையொருவர் சம்பந்தி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இதுவரை நான்கு குடும்பங்கள் வந்து போயிருந்தன. மூன்று சீவன்களில் ஒன்றுகூட அவர்களில் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.

இன்று ஐந்தாவது. இதுதான் கடைசியும்கூட. மறுநாள் ஊசி நாள்.

திருப்பூரிலிருந்து வந்திருந்தார்கள் தீபன்குமாரும் அவன் மனைவி அபிநயாவும். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள், நல்ல மாதிரியான பிள்ளைகள். உள்ளே வந்ததும் அபிநயா ஜமுக்காளத்தில் மண்டியிட்டு, துரைக்குக் கையை நீட்டி, முகர்ந்து பார்க்கக் கொடுத்தாள். அவன் முகர்ந்தான். மரியாதையாக ஒரு முறை வாலை ஆட்டிவிட்டு நகர்ந்துபோனான்.

"பையன் ரொம்ப அடக்கங்க" என்றான் தீபன்குமார்.

"அடக்கம்னு இல்லை தம்பி, யோசிச்சுத்தான் எதையும் செய்வான்" என்றாள் கோகிலவாணி. குரலில் இருந்த பெருமையை அவள் மறைக்க முயலவில்லை. "இந்தத் தெருவுல அவனுக்கு ஒரு விரோதி கிடையாது. போஸ்ட்மேன்கூட லீவுல போறப்ப இவன்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போவாரு."

"அந்தப் பூனை எங்கீங்க, குளிர்பெட்டி திறக்குமாமே?"

"திறப்பான். கேட்டாத் திறக்க மாட்டான்."

அடுக்களையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தது பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த சுகன்யா, ஞானசேகரனின் மனைவி. பொள்ளாச்சியிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதற்காகவே வந்துவிடுகிறாள். அவளையே இரண்டாம் காப்பாளராகப் போட்டிருக்கலாம்தான். ஆனால் பூனை மயிர் பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். இப்போதுகூட மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்படியில் நின்றாள்.

முந்தைய நான்கு தடவையைப் போலவே சாட்சியாக டாக்டர் யுகேந்திரன் சன்னல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். சாட்சிக்கு வரும் நாளில் மட்டும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்.

"ஏனுங்க டாக்டர், முதுகைக் காட்டித் தூங்கறதுல அப்படி என்னங்க இருக்கு? மடியில வந்து உக்காந்தாப் பத்தாதா?" என்று அபிநயா கேட்டாள்.

"மடியில உக்கார்றது குளிருக்காகவும் இருக்கலாம், பலகாரத்துக்காகவும் இருக்கலாம்மா" என்றார் அவர். "முதுகு அப்படி இல்லை. காட்டுல இருந்த காலத்துல இருந்தே முதுகுப் பக்கந்தான் அதுகளுக்குப் பயம். எதுக்கு முதுகைக் காட்டித் தூங்குதோ, அது தன்னைக் காப்பாத்தும்னு அர்த்தம். நம்பாத ஆள் முன்னாடி நாய் ஒருக்காலும் அப்படித் தூங்காது. பிடிக்கலைன்னா அறையை விட்டே போயிரும்."

"அப்ப எங்கம்மா வளர்த்த நாய்..." என்று சொல்ல வந்த அபிநயா நிறுத்தி, புடவை நுனியைத் திருகினாள். "அம்மா போனப்புறம் அது எங்ககூட வரலைங்க. வாசல் கேட்டுகிட்டயேதான் கிடந்துச்சு. அதுக்கு ஈடா இன்னொரு சீவனுக்காவது ஒரு வீடு இருக்கட்டும்னுதான் நாங்க வந்தோம்."

டாக்டர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊசியைக் கண்டுபிடிச்சப்ப நாங்கெல்லாம் மிட்டாய் குடுத்துக் கொண்டாடினோம்மா. ஆயுசை நீட்டிட்டோம்னு. மறக்கறதுக்கு மருந்து கண்டுபிடிக்கணும்னு அன்னைக்கு யாருக்கும் தோணலை."

பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது. தீபன்குமார் தன் பனியன் கம்பெனியில் தையல்காரர்களோடு சேர்ந்து சாப்பிட வரும் பூனைகளைப் பற்றிச் சொன்னான். கோகிலவாணிக்கு அவர்களைப் பிடித்திருந்தது. துரை அவர்களுக்கு முன்னால் போய்ப் படுத்துவிட மாட்டானா என்று மனசாரவே நினைத்தாள். அவன் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்று யோசித்தான். பிறகு சன்னல் பக்கம் போனான். சற்று நேரத்தில் சம்பங்கியும் மிளகும் அவன் பின்னாலேயே போயின.

கோகிலவாணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முதல் தடவையே முடிவு செய்துகொண்டிருந்தாள். காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

சுகன்யா அடுப்பை அணைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"ஏன் கண்ணு, நானும் எத்தனை தடவைதான் சொஜ்ஜி கிண்டறது?"

"இதான் கடைசி, நங்கை." அண்ணியை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"கடைசின்னு எனக்கும் தெரியும். நாளைக்கு ஊசி இல்லைன்னா இந்த மூணு சீவனும் ஆடிக்குள்ள போயிரும்னும் தெரியும். உனக்கு மட்டுந்தான் தெரியலையோ என்னமோ." சுகன்யா குரலைத் தாழ்த்தினாள். "சன்னல்கிட்டப் பார்த்தியா?"

"எதை?"

"லொள்ளு பண்ணாதே. ஊரெல்லாம் ஜமுக்காளத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்குது. எனக்கு அந்தப் பக்கம் வந்தாத் தும்மல் வருதுன்னு இந்தக் கதவுகிட்டயேதான் நிக்கறேன். இங்கிருந்து பார்த்தா அந்த நாற்காலி மட்டுந்தான் தெரியுது. ஒவ்வொரு தடவையும் மூணும் எங்க போயித் தூங்குதுன்னு நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

கோகிலவாணி தட்டுகளைத் தொட்டியில் வைத்தாள். தண்ணீரைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்கு முதல் தடவையிலிருந்தே தெரியும், நங்கை."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்காம இருக்கே? அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கக் கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

"எப்ப?"

"பஞ்சு செத்தப்ப."

"அது அவரு அழுதுட்டு இருந்தப்பச் சொன்னது. அதையெல்லாம் கணக்குல எடுப்பியா?" சுகன்யா கைக்குட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "உனக்கு அது சாக்கு. நீ யாருகிட்டயும் எதையும் கேட்டதில்லை. உங்கண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தப்பக்கூட ராத்திரிக்கு மாத்தி விட ஆள் வேணும்னு நீ கேக்கலை, தனியாவே நின்னே. அதெல்லாம் உன்ற பெருமை. அதை நீயே வெச்சுக்கோ. அதுக ஏன் அதுக்காகச் சாகணும்?"

கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. "நான் விளையாடலை, நங்கை. ஒவ்வொரு குடும்பம் வர்றப்பவும் இவங்க முன்னாடியாவது தூங்கிருங்கடான்னு வேண்டிக்கறேன். தூங்கிட்டா எனக்குக் கேக்க வேண்டிய வேலையே இல்லை."

"அதுகளுக்கு அது தெரிஞ்சுதான் தூங்க மாட்டேங்குது."

கூடத்தில் விளக்குப் போடும் சத்தம் கேட்டது. இருவரும் வெளியே வந்தார்கள்.

தீபன்குமாரும் அபிநயாவும் எழுந்து நின்றிருந்தார்கள். அபிநயாவின் முகம் சுருங்கியிருந்தது. "எங்களுக்குக் குடுத்து வெக்கலைங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லாதே கண்ணு" என்று கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புவேன். சம்பந்தம் ஆகாட்டி என்ன."

வழக்கமாக விருந்தாளிகளை வாசல் வரை வழியனுப்பும் துரை இன்று எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய கார் தெரு முனையில் திரும்பும்வரை கோகிலவாணிதான் கேட்டில் நின்றாள்.

திரும்பி வந்தபோது டாக்டர் இன்னும் அந்த நாற்காலியிலேயே இருந்தார். அவர் எழுந்திருக்க முடியாது. வலது பாதத்தின்மேல் துரை முதுகைச் சாய்த்து, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இடது பாதத்தை ஒட்டிச் சம்பங்கி சுருண்டிருந்தாள், கேட்கும் காதைத் தரையில் வைத்து, கேட்காத காதை மேலே விட்டு. அவளுக்கு முழு நிம்மதி இருந்தால் மட்டுமே அப்படிப் படுப்பாள். நாற்காலிக்கு அடியில் மிளகின் வால் மட்டும் தெரிந்தது.

"ஆகலீங்க" என்றார் டாக்டர். அவர் குரல் உடைந்திருந்தது. "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. நான் வர்றதுனாலதான் கெட்டுப்போகுதோன்னு பயமா இருக்குதுங்க. வேற டாக்டரை வெச்சிருக்கணும். ஊசி குத்தறவன் கூடத்துல உக்காந்திருந்தா அதுகளுக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"தூங்கிட்டுத்தானே இருக்குது?"

"எங்க? என்ற மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காமத் திரும்பிப் படுத்திருக்குது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். துரைக்கு என்ற மேல அத்தனை கோபம்." அவர் சிரிக்க முயன்றார். "தப்பில்லீங்க. இருபது வருசத்துக்கு மேல குத்தியிருக்கேன்."

அடுக்களை வாசலில் சுகன்யா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கோகிலவாணி ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்தாள். "டாக்டர், சித்த முன்னாடி அந்தத் திருப்பூர்ப் புள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"நாய் யாருக்கு முதுகைக் காட்டித் தூங்கும்னு சொன்னீங்க?"

அவர் மெதுவாகக் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். துரையின் முதுகு மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

"இல்லீங்க, அது எனக்குப் பொருந்தாது. ஊசி போடற ஆளைக் கண்டா..."

"பிடிக்கலைன்னா அறையை விட்டே போயிரும்னு சொன்னீங்க. காலடியில வந்து குறட்டை விடும்னு சொல்லலை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, சலவைச் சட்டையின் நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"எத்தனை நாளா?"

"முதல் தடவையிலிருந்தே."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் கேக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தீங்க."

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "பஞ்சு ஒரு நாள்கூட எனக்கு முதுகைக் காட்டலைங்க. ஒன்பது வருசம். சோறு வெச்சேன், பேசிப் பார்த்தேன், கட்டிலுக்குப் பக்கத்துல படுக்கை போட்டேன். அது கதவையே பார்த்துட்டு இருந்துச்சு. ஒரு சீவன்கூட என்னை நம்பி வராதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மறுபடியும் ஒருக்கா அதைப் பார்க்கற தெம்பு எனக்கில்லை."

"பஞ்சுக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. நீங்களும் அதே கதவைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க" என்றாள் கோகிலவாணி. "அதுக்கு யாரு சமாதானம் சொல்றது? இங்க அப்படி இல்லை. மூணு பேரு இருக்காங்க. நானும் இருக்கேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ற பிள்ளைங்களைப் பத்தி நான் பெருமை பேசறேன்னு ஊரே சொல்லும். பேசறேன்தான். துரை ஒரு ஆளைப் பத்தித் தப்பா முடிவு பண்ணி நான் பார்த்ததில்லை. அஞ்சு தடவை கூடம் நிறைய நல்லவங்க உக்காந்திருந்தாங்க. அஞ்சு தடவையும் அவன் உங்ககிட்டத்தான் வந்தான். கேட்டு வாங்கற பழக்கம் அவனுக்கும் இல்லை. தனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டான். நாந்தான் இன்னும் சொல்லலை."

"நான் சாட்சிங்க. சாட்சி எப்படி..."

"காலையில வேற டாக்டரை வரச் சொல்லுங்க. அவங்க இந்த நாற்காலியில உக்காரட்டும்" என்று அடுக்களை வாசலிலிருந்து சுகன்யா சொன்னாள். "சொஜ்ஜி இன்னும் மிச்சமிருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. கோகிலவாணி கம்பெனியில் ஒரு நாள் விடுப்புக்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. தானாக வந்த சம்பள உயர்வு, தானாக வந்த பதவி. வராதவற்றைப் பற்றி அவள் பேசியதில்லை. இந்த நாற்காலியில் இருக்கும் மனிதர் சலவைச் சட்டையோடு வரும் ஒவ்வொரு மதியத்தையும் வாரம் முழுக்க எதிர்பார்த்ததைக்கூட அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

தூக்கத்திலேயே துரை நீளமாக ஒரு மூச்சு விட்டு, முதுகை அவர் பாதத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டான்.

அவள் ஜமுக்காளத்தில் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். இத்தனை வருடமும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"ஏனுங்க," என்றாள் கோகிலவாணி, "அந்த நாற்காலியை விட்டு எறங்கி, இங்க வந்து உக்காருங்க."